ஒரு முழம் வயர்

12 ஜூன் 2025, வியாழன்

இன்று யார்டு வாசலில் நின்ற லாரி வரிசைக்கு முடிவே இல்லை. கன்டெய்னர் கதவில் தொங்கும் சீல் நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்க்கிற வேலை எனக்கு. பதினாறு வருஷமாக இதேதான். சீலை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவனை ஷாகுல் பாய் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவார் என்று எனக்கொரு பெயர் உண்டு. கண் பூத்துப்போய் வீடு வந்து சேர்ந்தேன். வழக்கம்போல நேராகப் பின் அறைக்குப் போய், மீன்களுக்கு இரை போட்ட பிறகுதான் சட்டையைக் கழற்றினேன்.

மனைவி ஜஸீமா பின்னாலேயே வந்தாள். கையில் போன். வேலை கிடைத்துவிட்டதாம்! மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் தமிழ் கால் சென்டர். வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம், காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை. பி.காம். முடித்த பதினேழாவது வருஷத்தில் முதல் வேலை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

கம்பெனி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறது. நெட் வயர் வழியாகத்தான் லேப்டாப்புக்கு வரவேண்டும், வைஃபை கூடாது. அப்புறம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. ஹால், அதைத் தாண்டிப் படுக்கை அறை, அதைத் தாண்டி அடுப்படி, கடைசியில் பின் அறை. ஒன்றைக் கடக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. கதவு என்று உள்ளது பின் அறைக்கு மட்டும். அங்கே ஐந்து தொட்டி, பாட்டிலில் எட்டு ஃபைட்டர் மீன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

அவள் தொட்டிகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "பாக்கலாம்" என்றேன்.

16 ஜூன், திங்கள்

எங்கள் தெருவுக்கெல்லாம் நெட் இழுக்கிற அத்னான் ஏணியோடு வந்தான். பின் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னான்.

"பாய், லைனு பின்னாடி சந்துலேர்ந்து வர்து. பொட்டிய இங்கதான் மாட்டணும். தொட்டிங்கள எட்த்துட்டு இங்கியே ஒரு டேபிள் போட்டுக்கோ. ரெண்டு மீட்டர் வயரு. வேல முடிஞ்சிது."

"வைஃபைல வுட்டா?"

"வுடலாம். ஆனா அடுப்படி சொவுரு ஓரமா இம்மாம் தொட்டி வெச்சிக்கீறியே. தண்ணி சிக்னல குடிச்சிரும் பாய்."

"மீனு குடிச்சது போக மீதி வர்ம்ல? அது போதும்" என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். நல்ல பதில்தான் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஜஸீமா அடுப்படியில் அவனுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்: "வயருன்னா ஒரே எடத்துல கட்டிப் போட்ட மாரி. வைஃபைன்னா ஹால்ல ஒக்காரு, அடுப்படில ஒக்காரு, ஒன் இஷ்டம். சொதந்தரம்!"

"எனக்கு ஒரே எடத்துல கட்டிப் போட்டாத்தாங்க நல்லா இருக்கும்" என்றாள்.

கிண்டல் என்று நினைத்துக்கொண்டு அதற்கும் சிரித்தேன்.

தண்ணீர் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லும்படியாக அது என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

19 ஜூன், வியாழன்

அவள் லேப்டாப்பில் கம்பெனி ஒரு சோதனை நடத்தியது. "வயர் இணைப்பு இல்லை" என்று சிவப்பில் எழுதிக் காட்டிவிட்டது.

அத்னானுக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். ரிப்பீட்டர் என்று பெயர். காற்றில் வருகிற வைஃபையைப் பிடித்து வயரில் கொடுக்குமாம். அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிற பிளக்கில் சொருகினான். அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு துண்டு வயர். பூக்காரம்மா அளப்பதுபோல முழங்கையில் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு முழம்.

மறுபடி சோதனை. பச்சை. "வயர் இணைப்பு உள்ளது."

கை தட்டினேன். ஜஸீமா தட்டவில்லை. "வூட்ல வயரு போட்டிருக்கேன், தனி ரூம் இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரணுங்க. இது பொய் இல்லியா?"

"வயரு கேட்டாங்க, வயரு கீது. எவ்ளோ நீளம்னு கேட்டாங்களா? ரூமுக்கு, பின்னாடி ஒரு பெட்ஷீட்ட தொங்க வுட்டா போச்சு."

அவள் திரையில் இருந்ததை மறுபடி படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

1 ஜூலை, செவ்வாய்

முதல் நாள். இன்று எனக்கு மதியம் ஷிஃப்ட், அதனால் காலையில் வீட்டில்தான். அடுப்படி மூலையில் மடக்கு மேசை, காதில் ஹெட்செட். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் இஸ்திரி போட்ட சுடிதார். "வணக்கம், நான் ஜஸீமா பேசுகிறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. நிதானமான, கொஞ்சம் கனமான குரல். வீட்டில் பேசுகிற குரல் வேறு.

ஒரு மாதம் பயிற்சி. ஆகஸ்டில் இருந்து உண்மையான கால்.

10 ஜூலை, வியாழன்

காலையில் பெல்ட் எங்கே என்று கேட்டேன். கையை உயர்த்தி "இருங்க" என்று சைகை காட்டினாள். கேஸ் சிலிண்டர் வந்தது, அதற்கும் அவளைத்தான் கூப்பிட்டேன். டீத்தூள் எங்கே என்று கேட்டேன். வெளியே கிளம்பும்போது சாவி எங்கே என்றும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "நாலு தடவைங்க. பாடம் நடத்துற மேடம் நாலு தடவையும் நிறுத்திட்டு, 'உங்க வீட்ல யாரோ பேசறாங்க ஜஸீமா'ன்னு சொன்னாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டில் நான் பேசக்கூடாதா? பெரிய ஆபீஸ்!

(சாயங்காலம்: பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.)

2 ஆகஸ்ட், சனி

நேற்றிலிருந்து உண்மையான கால். இரண்டு நாளில் பதினொரு தடவை துண்டித்துப்போனதாம். "பொட்டி சரியில்லையாங்க?" என்று கேட்டாள். "மழ வர்ற மாரி கீது, அதான்" என்றேன். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிற நாள். அடுப்படிச் சுவரோரமாக இருக்கும் நாலடித் தொட்டியை முக்கால்வாசி இறைத்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் இரண்டையும் பாதிக்கு இறைத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து ஃபரா கத்தினாள். மகள் பத்தாவது படிக்கிறாள், அம்மாவின் மேசையில் உட்கார்ந்து ஏதோ கணக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா! இன்னா பண்ணீங்க? நெட்டு செமயா வருது!"

கையில் குழாயோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்னான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். காலியான தொட்டியில் ஆஸ்கர் மீன் இரண்டும் மிச்சமிருந்த தண்ணீரில் சாய்ந்து சாய்ந்து நீந்தின. வேறு எங்கே வைப்பது? ஹாலில் பீரோ, கட்டில், வழி நெடுகப் பொருள். மாடியில் வெயில். யார்டில் எட்டு மணி நேரம் லாரி ஹாரன் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, அந்தப் பம்பு குமிழி விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு அரை மணி நேரம் உட்கார ஓர் இடம் வேண்டாமா?

குழாயைத் திறந்தேன். தொட்டி விளிம்பு வரை நிறைந்தது.

"போச்சு" என்றாள் ஃபரா.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஜஸீமா அழுதாள். எண்ணூரிலிருந்து ஒரு மனிதர் போன் செய்திருக்கிறார். மனைவிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கம்பெனியின் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். "அம்மா, உள்ள கூட்டிட்டுப் போக மாட்றாங்க, லெட்டர் வர்லன்றாங்க" என்றாராம். இவள் ஃபைலைத் தேடி எடுத்துவிட்டாள். "இதோ அனுப்பறேன் ஐயா" என்று சொல்லும்போது துண்டித்துவிட்டது. மறுபடி அவர் கூப்பிட்டு, இவளிடமே வந்து, மறுபடியும் துண்டிப்பு. மூன்றாவது முறை, "வெளையாட்றியாம்மா?" என்றிருக்கிறார்.

கடிதம் போய்விட்டது. வேறு யாரோ அனுப்பிவிட்டார்கள். அந்தம்மாவுக்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததாம், கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். ஆனால் அவர் புகார் கொடுத்துவிட்டார்.

"எனக்கு ராசி இல்லீங்க" என்றாள்.

ராசி! நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. ரசம் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன்.

3 செப்டம்பர், புதன்

வேலை போய்விட்டது.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு வார விடுமுறை. பின் அறையில் குட்டி மீன்களை வலையால் பிடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்குக் கம்பெனியில் இருந்து வீடியோ கால். கால் ஏன் இத்தனை தடவை துண்டிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மரியாதையான பெண் குரல். நான் பின் அறை வாசல்படியில் வந்து நின்று கேட்டேன்.

"ஜஸீமா, லேப்டாப்பைக் கையில எடுத்துக்கோங்க. அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே மோடம் வரைக்கும் நடந்து காட்டுங்க."

ஜஸீமா லேப்டாப்பைத் தூக்கினாள். வயர் உடனே விறைத்துக்கொண்டது. ஒரு முழம்தானே, எங்கே நடப்பது? நின்ற இடத்திலேயே கேமராவை மேலே திருப்பினாள். ஃபிரிட்ஜுக்கு மேல் நீல விளக்கோடு அந்தப் பெட்டி.

"அது மோடம் இல்லையே ஜஸீமா. வயர் அங்கயே முடிஞ்சிடுதா? மோடம் எங்க?"

ஜஸீமா கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பின்னாடி துணி தொங்குது. இது தனி ரூமா?"

"அடுப்படி மேடம்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே. யாரு இப்படி செட் பண்ணிக் குடுத்தது?"

நான் அவளிடமிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தேன். கேமராவில் நான் விழவில்லை. கையில் வலை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜஸீமா என் பக்கம் பார்த்தாள். முறைக்கவில்லை. சும்மா பார்த்தாள்.

அந்தம்மா இரண்டாவது தடவை கேட்டார்: "யாரு மேடம் பண்ணது?"

"நான்தான் மேடம்" என்றாள் ஜஸீமா.

இன்னா மன்சன்டா நீ ஷாகுலு? வாயத் தொறந்து, "மேடம், நான்தான் செஞ்சேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா இன்னா? நாக்கு இன்னா வாடகைக்கா வுட்டிருந்த? தெனமும் ஊரான் ஒட்டிக்கினு வர்ற சீல புடிக்கற. ஒன் வூட்ல நீயே ஒட்டின சீலு. அத ஒன் பொண்டாட்டி தலைல கட்டிட்டு வலையப் புடிச்சிக்கினு நிக்கற.

மதியம் கடிதம் வந்தது. தவறான தகவல் கொடுத்ததால் பணி நீக்கம். "தவறான தகவல்" என்ற வார்த்தையை அவள் உரக்கப் படித்தாள். பிறகு சோறு வடித்தாள்.

5 செப்டம்பர், வெள்ளி

மீலாது விடுமுறை. ஜும்ஆவுக்குப் போய் வந்தேன். அவள் மேசையை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். பெட்டியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருந்தாள். அந்த ஒரு முழ வயரைக் காணவில்லை. குப்பையில் போட்டிருப்பாள்.

பேசாமல் இல்லை. பேசுகிறாள். பால் வாங்கணும், ஃபராவுக்கு ஃபீஸ் கட்டணும், எல்லாம் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை.

17 செப்டம்பர், புதன்

இன்று மீன்களுக்கு இரை போட மறந்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

28 செப்டம்பர், ஞாயிறு

யார்டில் கிரேன் ஓட்டுகிற கோதண்டத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எம்.கே.பி. நகர்க்காரன், பத்து வருஷத் தோஸ்து. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். நடுவில் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை, மற்ற நாளில் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். கடைசியில் சொன்னான்:

"இன்னா மாமு நீ. மீனுக்கு ரூமு குட்த்துகீற, பொண்டாட்டிக்கு ஒரு மொழம் வயரு குட்த்துகீற."

"தெர்யாம பண்ட்டேன்டா."

"தெர்யாமயா? தண்ணி நெப்பும்போது ஒனக்குத் தெர்யாது?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

எனக்கு ஓர் அறை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றும் என்பது மட்டும் தோன்றவே இல்லை. அவளுக்குச் சுதந்திரம் கொடுக்கிறேன் என்று நானே சொல்லி நானே நம்பியிருக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் கூப்பிடுகிற தூரத்தில் இருப்பாள், அடுப்பையும் பார்த்துக்கொள்வாள், என் பெல்ட்டையும் எடுத்துக் கொடுப்பாள். அந்த வசதி யாருக்கு?

12 அக்டோபர், ஞாயிறு

காலையில் கோதண்டம் ஒரு குட்டி யானை லோடு வண்டியோடு வந்தான். ஐந்து தொட்டியும் ஃபைட்டர் பாட்டில்களும் அவன் வீட்டு மாடிக் கொட்டகைக்குப் போய்விட்டன. ஆஸ்கர் இரண்டையும் நானே பாலித்தீன் பையில் பிடித்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மீனுக்காகத்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அறை இவ்வளவு பெரியது என்று தெரியாது. ஜன்னல் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சுவரில் தொட்டி இருந்த இடமெல்லாம் பச்சைக் கறை. நானும் ஃபராவும் சுண்ணாம்பு அடித்தோம். மேசை, நாற்காலி போட்டேன். அத்னான் வந்து மோடத்திலிருந்து மேசைக்கு இரண்டு மீட்டர் வயரைச் சுவரில் கிளிப் அடித்து இழுத்துக் கொடுத்தான்.

ஜஸீமா டீ கொண்டுவந்தாள். அத்னான் டீயை வாங்கிக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னான்: "இத்த அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல பாய்? தண்ணி சிக்னல குடிச்சிரும்னு நான் அப்பவே சொன்னேன்ல? நீ மீதி வர்ம்னு சிரிச்ச."

நான் அவன் போகும்வரை ஜஸீமாவின் பக்கம் திரும்பவில்லை. அவன் போனதும், இரண்டு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டினேன். தண்ணீர் விஷயம், அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் திரும்ப நிரப்பியது, எல்லாம்.

அவள் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"தெரியும்" என்றாள்.

"எது?"

"அந்தத் தம்பி சொன்னது. நான் அடுப்படிலதான இருந்தேன். இந்த வூட்ல சிக்னல்தாங்க வராது. பேச்சு நல்லாவே வரும்." ஜன்னல் கட்டையில் தெறித்திருந்த சுண்ணாம்பை விரலால் சுரண்டினாள். "தண்ணி தொறந்து வுட்ட சத்தமும் வந்துது."

"அப்ப... ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

முதல் நாளிலிருந்து! கையெழுத்துப் போடும்போது தெரியும். எனக்கு ராசி இல்லை என்று சொல்லும்போதும் தெரியும். அது எனக்குப் போட்ட கேள்வி. நான் ரசம் போடச் சொன்னேன்.

"மன்னிச்சிடு ஜஸீமா."

"மன்னிச்சாச்சுங்க. தொட்டி, தண்ணி எல்லாம் மன்னிச்சாச்சு" என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு வாசல்படி வரை போய் நின்றாள். "அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. நீங்க இங்கதான் நின்னுட்டு இருந்தீங்க."

அறை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

15 அக்டோபர், புதன்

கம்பெனிக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, பெட்டியை வைத்தது நான், என் மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள், இப்போது முறையாக வயரும் அறையும் இருக்கிறது என்று. இங்கிலீஷை ஃபரா திருத்திக் கொடுத்தாள். திருத்தும்போது எல்லாவற்றையும் படித்தாள். என்னைப் பார்த்தாள். "ஸ்பெல்லிங் மட்டும்தான் தப்பு அத்தா" என்றாள்.

24 அக்டோபர், வெள்ளி

இரண்டு வரிப் பதில். வருந்துகிறார்கள். விதி விதிதானாம்.

கடிதம் எழுதியதை ஜஸீமாவிடம் இன்றுதான் சொன்னேன். "தேதி என்னங்க?" என்று கேட்டாள். பதினைந்தாம் தேதி என்றேன். தலையாட்டினாள். செப்டம்பர் மூன்றுக்கும் அக்டோபர் பதினைந்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணினாளோ என்னவோ.

3 நவம்பர், திங்கள்

பெரம்பூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசையில் ஜஸீமாவுக்கு வேலை. அவளே விண்ணப்பம் போட்டு, அவளே போய்ப் பேசி, அவளே வாங்கியது. எனக்கு முந்தாநாள்தான் தெரியும். காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சுடிதாரோடு கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை நானும் வருகிறேன் என்றேன். "வேணாங்க, எனக்கு வழி தெரியும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மதியம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை பின் அறையில் உட்கார்ந்திருந்தேன். மோடத்தில் எல்லா விளக்கும் பச்சை. வயர் மேசை மேல் சுருண்டு கிடந்தது. போனில் பார்த்தால் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. ஹாலில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் முழுசாக. வாசலில் கூட முழுசாக.

18 நவம்பர், செவ்வாய்

நல்ல மழை. கடல் காற்றோடு சேர்ந்து அடிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். இன்று ஒரு கிழவருக்கு அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தாளாம், கண் எதிரிலேயே அவர் கையில் கொடுத்தாளாம். இதைச் சொன்னது ஃபராவிடம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். பேச்சு நல்லாவே வருகிறது இந்த வீட்டில்.

4 டிசம்பர், வியாழன்

ஆஸ்பத்திரியில் ஏதோ சான்றிதழ் படிப்பு முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை ஆன்லைன் வகுப்பு. ஜஸீமா பின் அறைக்குப் போய், வயரை லேப்டாப்பில் சொருகி, கதவைச் சாத்திக்கொள்கிறாள். முதல் நாள் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டது நான்தான்.

இந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட் என்பதால் சமையல் என் கையில். இன்று மீன் குழம்பு. எல்லாம் தாளித்துக் கொட்டிய பிறகு பார்த்தால் புளியைக் காணவில்லை. எப்போதும் இருக்கிற ஜாடி காலி. புதுசாக வாங்கியதை எங்கே வைத்தாளோ.

"அம்மாவ கேக்கட்டுமா?" என்றாள் ஃபரா.

நான்தான் போனேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே அவள் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நிதானமான, கொஞ்சம் கனமான குரல். ஒரு தடவை கூடத் துண்டிக்கவில்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கியவன், தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

"நாமளே தேடுவோம்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தோம். கடலைப் பருப்பு, ரவை, சேமியா, பழைய பில்லெல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின். ஸ்டூலில் ஏறிப் பார்த்தால், மேல் தட்டில், பின்வரிசையில், ஓர் எவர்சில்வர் டப்பா. திறந்தேன். உள்ளே வேறெதுவும் இல்லை. அந்த ஒரு முழ வயர், நேர்த்தியாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

"இன்னா அத்தா அது?" என்றாள் ஃபரா கீழேயிருந்து.

"ஒண்ணும் இல்லம்மா."

மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தேன். புளி அதற்கு அடுத்த டப்பாவில் இருந்தது.